பதினைந்து கோடு

தண்ணீர் லாரி வந்துபோன மறுநாள் காலை ஏழரை மணிக்கு, டெய்லர் தன் கடை வாசலில் நின்றுகொண்டு, தெரு முழுக்கக் கேட்கும்படி என்னைத் தண்ணீர்த் திருடி என்றார்.

நான் அப்போது அவர் வீட்டுப் பின்பக்கக் கொட்டகையில் நான்காவது மாட்டைக் கறந்துகொண்டிருந்தேன். முதலில் யாரையோ திட்டுகிறார் என்றுதான் நினைத்தேன். துணி வாங்கிப்போக வராதவர்களை அவர் காலையிலேயே திட்டுவது வழக்கம். அப்புறம், "பால் கறக்க வர்றாளே, அவளேதான்!" என்று காதில் விழுந்தது. கறந்த பாலை மூடி வைத்துவிட்டு, ஈரக் கையோடு முன்பக்கம் வந்தேன்.

"என்னண்ணே சொல்றீங்க?"

"நேத்து காலையில டேங்க் மூடி வரைக்கும் தளும்பிச்சு. இன்னைக்கு அளவுக் குச்சி விட்டுப் பாத்தா ஒண்ணே முக்கால் கோடு இறங்கியிருக்கு. மாடு குடிச்சது, வீட்டுக்கு எடுத்தது, கழுவினது எல்லாம் சேத்தாலும் ஒரு கோடுதான். மீதி முக்கால் கோடு எங்க போச்சு?"

"எங்கயாவது ஒழுகுதோ என்னவோ, பாத்தீங்களா?"

"டேங்குக்கு அடியில சாம்பல் தூவி வச்சுப் பாத்தாச்சு. ஒரு பொட்டு ஈரம் இல்ல. தினமும் ரெண்டு கேன் தூக்கிட்டுப் போறியே, அது என்ன பன்னீரா?"

எதிர்க்கடை பேக்கரிக்காரர் ரொட்டித் தட்டைப் பிடித்தபடி அப்படியே நின்றார். எலக்ட்ரீஷியன் பைக்கை உதைப்பதை நிறுத்தினார். மூன்றாவது வீட்டு நர்ஸ் ஜன்னல் திரையை விலக்கினார். முந்தின வாரம்தான் நர்ஸ் புதிதாக ஓர் எருமை வாங்கி, சாயங்காலக் கறவைக்கு என்னை வரச் சொல்லியிருந்தார்.

எங்கள் தெருவில் குழாய் இருக்கிறது. குழாயில் காற்று வரும். தண்ணீர் எப்போது வரும் என்று குழாய்க்கே தெரியாது. அதனால் எல்லா வீட்டிலும் சேமிப்பு உண்டு. நீல டிரம் நான்கைந்து வைத்திருப்பார்கள், வசதியுள்ளவர்கள் தரைக்கடியில் தொட்டி கட்டியிருப்பார்கள். மாடு வைத்திருப்பவர்களுக்கு அது போதாது. கறக்கும் மாடு ஒன்று சாதாரண நாளில் எழுபது, எழுபத்தைந்து லிட்டர் குடிக்கும். தண்ணீர் குறைந்தால் அன்று சாயங்காலமே பால் குறையும், ஒரு வேளைகூடப் பொறுக்காது. இப்படிப்பட்ட தெருவில் ஒருத்தியைப் பணத் திருடி என்றால்கூட நான்கு பேர் அவள் பக்கம் பேசுவார்கள். தண்ணீர்த் திருடி என்றால் பேச ஆள் கிடையாது. அவரவர் உடனே தங்கள் டிரம் மூடியைத்தான் போய்ப் பார்ப்பார்கள்.

அந்த இரண்டு கேன் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். பால் பாத்திரங்களை மூன்று தரம் அலச வேண்டும். முதல் அலசல் தண்ணீரில் பால் வாடை இருக்கும், அது மாட்டுத் தீவனத்தில் போகும். சோப்புப் போட்டது சாக்கடைக்கு. மூன்றாவது அலசல் கிட்டத்தட்ட சுத்தமான தண்ணீர். அதைக் கீழே கொட்ட மனமில்லாமல், டெய்லரின் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுபவர், "உன் ஆட்டுக்கு எடுத்துட்டுப் போயேன்" என்று அவரே சொன்னார். என் வீட்டில் இரண்டு ஆடு. பத்து பத்து லிட்டராக இரண்டு கேன். எட்டு மாதமாக அதைத்தான் தூக்கிப் போனேன், பட்டப்பகலில், எல்லோரும் பார்க்க.

"அக்கா குடுக்கிறதுண்ணே அது. அலசின தண்ணி."

"அலசின தண்ணியா, அலசாத தண்ணியா, யார் கண்டா?"

அக்கா உள்ளேயிருந்து வந்து, "நான்தாங்க எடுத்துக்கச் சொன்னேன்," என்றார்.

"நீ சும்மா இரு. உனக்கு அளவும் தெரியாது, ஆளும் தெரியாது," என்றார் டெய்லர். கழுத்தில் இரண்டு பக்கமும் தொங்கிய இஞ்ச் டேப்பைப் பிடித்து இழுத்துவிட்டுக்கொண்டார். "முப்பது வருஷமா அளந்து சாப்பிடறவன் நான். என் அளவு பொய் சொல்லாது."

எனக்கு அழுகை வரவில்லை. கணக்குதான் வந்தது. ஒரு கோடு அறுநூறு லிட்டர் என்பது அவர் வாயாலேயே நூறு தரம் கேட்டது. முக்கால் கோடு என்றால் நானூற்றைம்பது லிட்டர். ஒரு நடைக்கு இருபது லிட்டர். அப்படியானால் நான் ஒரே நாளில் இருபத்திரண்டு நடை நடந்து, அப்புறமும் ஒரு கேன் எடுத்திருக்க வேண்டும். இதைச் சொன்னேன்.

"இருபத்திரண்டு தடவை நான் இந்தத் தெருவுல தண்ணி சுமந்து போனதை யாராவது பாத்தீங்களா?"

யாரும் பார்த்ததாகவும் சொல்லவில்லை, பார்க்கவில்லை என்றும் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

"நாளையிலேருந்து வராதே," என்றார் டெய்லர்.

அன்று சாயங்காலம் நர்ஸ் வீட்டிலிருந்து ஆள் வந்து, கறவைக்கு வேறு ஏற்பாடு செய்துகொள்கிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார். நான் தெருவில் நடந்தால் பேக்கரிக்காரர் வாசலில் வைத்திருந்த தண்ணீர்க் குடத்தை உள்ளே இழுத்துக்கொண்டார். எலக்ட்ரீஷியன் வீட்டு டிரம்முக்கு இரண்டே நாளில் பூட்டு வந்தது. டிரம்முக்குப் பூட்டு! மூடியில் ஓட்டை போட்டு, சங்கிலி கோத்து, சைக்கிள் பூட்டு.

என் வீட்டுக்காரர் வெளியூரில் கட்டட வேலையில் இருக்கிறார். போனில், "வேற வீடு பாத்துக்கலாம், விடு," என்றார். எந்த வீடு? இந்தத் தெருவைச் சுற்றித்தானே மாடுகள் இருக்கின்றன. மாடு இருக்கும் எல்லா வீட்டுக்கும் பேச்சு எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. என் நாத்தனார் மட்டும் என் பக்கம். ஹாஸ்டல் சமையலில் இருப்பவள், வாய் கொஞ்சம் நீளம்.

"அண்ணி, நிஜமாவே எடுத்திருந்தா நாமளும் ஒரு நாள் நிம்மதியா தலைக்குக் குளிச்சிருப்போமே. பழியும் வந்து அழுக்கும் போகலன்னா என்ன நியாயம்?" என்றாள்.

பதினான்கு நாள் அப்படிப் போயிற்று. பதினைந்தாம் நாள் மதியம் அக்கா என் வீட்டுக்கு வந்தார். இரண்டு கை விரல்களும் வீங்கியிருந்தன. ஆறு மாட்டையும் அவர்தான் கறந்திருக்கிறார்.

"உள்ள வாங்கக்கா."

"வரேன். முதல்ல திட்டிடு, அப்புறம் வரேன்."

"உங்கள என்னத்துக்குத் திட்டறேன்?"

அக்கா உட்கார்ந்தார். நாத்தனார் டீ போட்டுக் கொடுத்தாள், கொஞ்சம் சத்தமாகவே டம்ளரை வைத்தாள்.

"நேத்து லாரி வந்துச்சு," என்றார் அக்கா. "இந்தத் தடவை மேல் மூடிக்கு ஒரு பூட்டு, கீழே வால்வுக்கு ஒரு பூட்டு. சாவி ரெண்டும் அவர் சட்டைப் பையில. மாட்டுக்குத் தண்ணி விட்டதும் அவரே. இன்னைக்குக் காலையில குச்சி விட்டுப் பாத்தார்."

"எவ்வளவு?"

"ஒண்ணே முக்கால் கோடு."

நாத்தனார் கையைத் தட்டிச் சிரித்தாள். "அப்ப இந்தத் தடவை பூட்டுதான் திருடிடுச்சா?"

"சிரிக்காதேம்மா. முதல்ல லாரிக்காரன் குறைச்சு ஊத்திட்டான்னார். மூடி வழியா வழிஞ்சதை நானே பாத்தேன்னேன். அப்புறம் என் தம்பி மேல திரும்பிட்டார். ஒரு வாரமா எங்க வீட்டுல தங்கி வேலை தேடிட்டிருக்கான். கள்ளச்சாவி போட்டு எடுத்து வித்துட்டான்னு சொல்லி, இன்னைக்குக் காலையில பையோட வெளிய அனுப்பிட்டார்." அக்கா டீ டம்ளரைக் கீழே வைத்தார். "நீ சத்தமில்லாம நாளையிலேருந்து வந்துடும்மா. அவர் ஒண்ணும் சொல்ல மாட்டார்."

"சத்தமில்லாமயா? அவர் சத்தம் போட்டுத்தானேக்கா அனுப்பினார்?"

அக்கா மடியிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். டெய்லர் தண்ணீருக்காக வைத்திருக்கும் நோட்டு. "அவர் சாப்பிடும்போது எடுத்துட்டு வந்தேன். நீதான் எதையும் கிளறிக் கிளறிப் பாப்பியே. இதுல என்னதான் இருக்குன்னு பாரு."

அந்த டேங்கைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். முன்பு அவர்கள் வீட்டில் சிமென்டில் கட்டிய சதுரத் தொட்டி இருந்தது. அது விரிசல் விட்டதும், மூன்று மாதத்துக்கு முன் ஒரு பழைய பால் லாரியின் டேங்கை வாங்கினார்கள். லாரி முதுகில் படுத்திருக்குமே, நீளமான உருளை, அதேதான். அதை அப்படியே படுத்த வாக்கில் இரண்டு கல் மேடைகள்மேல் உட்கார வைத்து, வெயில் ஏறாமல் வெள்ளையடித்து, மேலே தகரக் கூரை போட்டார்கள். ஒன்பதாயிரம் லிட்டர் பிடிக்கும். அடியில் ஒரு வால்வு. அங்கிருந்து குழாய் மாட்டுத் தொட்டிக்குப் போகிறது. தொட்டியில் ஒரு மிதவைப் பந்து. மாடு குடித்து மட்டம் இறங்கினால் பந்தும் இறங்கும், தண்ணீர் திறக்கும். நிரம்பினால் பந்து ஏறி அடைத்துக்கொள்ளும். எனக்கு அந்தப் பந்தை எவ்வளவு நேரம் பார்த்தாலும் அலுக்காது.

டேங்க் இரும்பு, உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது. அதற்குத்தான் குச்சி. சதுரத் தொட்டிக்கு வைத்திருந்ததுபோலவே டெய்லர் புதிதாக ஒன்று செய்தார். டேங்கின் உள் உயரம் நூற்றைம்பது சென்டிமீட்டர். பத்து சென்டிமீட்டருக்கு ஒரு கோடு, ஆகப் பதினைந்து கோடு. ஒன்பதாயிரத்தைப் பதினைந்தால் வகுத்தால் அறுநூறு. மாடுகள், வீடு, கழுவல் எல்லாம் சேர்த்து ஒரு நாள் செலவும் அறுநூறுதான். எனவே நாளுக்கு ஒரு கோடு. கேட்பதற்கு எவ்வளவு அழகாக இருக்கிறது! அவர் அந்தக் குச்சிக்கு வார்னிஷ்கூட அடித்தார்.

நோட்டைப் புரட்டினேன். லாரி வந்த மறுநாள்: 'ஒன்றே முக்கால்', சிவப்பு மையில். அடுத்த நாள்: 'ஒன்றுக்குமேல்'. அப்புறம் பதினொரு நாளுக்கு வெறும் தாள். கடைசி இரண்டு நாள் மறுபடி சிவப்பு. ஒரு தடவை, 'இரண்டு கோடு இருக்கும் என்று நம்பினேன், ஒரே நாளில் காலி, மாடுகள் மதியம் முழுக்கத் தாகம்' என்று எழுதி, பக்கத்தில் என் வேலையைக் குறித்து 'கறவை?' என்று கேள்விக்குறி போட்டிருந்தார். ஆறு லாரிக்கும் இதே கதை.

"நடுவுல ஏன்க்கா ஒண்ணும் எழுதல?"

"கூடுதலா போன நாளைத்தான் எழுதுவார். ஒழுங்கா போன நாளை எதுக்கு எழுதணும்?"

"நான் வராத இந்தப் பதினாலு நாள்ல குச்சி விட்டது யாரு?"

"பாதி நாள் நான்தான். அவருக்குச் சீருடைத் தையல் குவிஞ்சு கிடந்துச்சு."

"நடு நாள்ல எவ்வளவு இறங்கிச்சு, ஞாபகம் இருக்கா?"

அக்கா யோசித்தார். "ஒரு கோடுகூட முழுசா இறங்காது. முக்கால், அதுக்குக் கொஞ்சம் மேல. சிக்கனமா இருக்கோம்னு நானே சந்தோஷப்பட்டுக்கிட்டேன்."

நான் நோட்டை மூடினேன். "நல்லா கேளுங்கக்கா. லாரி வந்த அன்னைக்கு நான் திருடறேன். நடுவுல பத்துப் பதினோரு நாள் ராவோட ராவா என் வீட்டுத் தண்ணியைக் கொண்டாந்து உங்க டேங்குல திரும்ப ஊத்திடறேன். அப்புறம் கடைசியில மறுபடி திருடறேன். இப்படி ஒரு திருடி உலகத்துல உண்டா?"

"பக்தியான திருடி," என்றாள் நாத்தனார்.

சிரித்தபடியே அவள் அலமாரியிலிருந்து பிஸ்கட் ஜாடியை எடுத்தாள். எங்களுக்குத் தின்னக் கொடுக்கத்தான். உருளை வடிவ, கண்ணாடி மாதிரித் தெரியும் பிளாஸ்டிக் ஜாடி. நான் அதை வாங்கி பிஸ்கட்டைத் தட்டில் கொட்டினேன்.

"அண்ணி, நமுத்துப் போயிடும்!"

"போகட்டும். உன் கண்மைப் பென்சிலை எடுத்துட்டு வா."

"அது எதுக்கு?"

"எடுத்துட்டு வாடி. ஒரு நாள் உன் கண்ணு மையில்லாம இருக்கட்டும்."

ஜாடி பத்து டம்ளர் பிடிக்கும் என்று முதலில் அளந்து பார்த்துக்கொண்டேன். காலி செய்து, ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி, மூடியை இறுக்கிப் படுக்க வைத்தேன். உருளாமல் இருக்க இரண்டு பக்கமும் செங்கல் துண்டு. ஜாடியின் அடிப்பாகம் வட்டமாக எங்களைப் பார்த்து நின்றது. அந்த வட்டத்தின் உச்சியில் ஒரு புள்ளி வைத்தேன். ஒவ்வொரு தடவையும் அதே பக்கம் மேலே வர வேண்டும், இல்லாவிட்டால் கோடுகள் குழம்பிவிடும். தண்ணீர் மட்டம் எங்கே நிற்கிறதோ அங்கே மையால் ஒரு கோடு. அடியிலிருந்து ஒரு விரற்கடை ஏறியிருந்தது.

நிமிர்த்தி, இன்னொரு டம்ளர் ஊற்றி, மறுபடி படுக்க வைத்தேன். அதே ஒரு டம்ளர்தான், இந்தத் தடவை அரை விரற்கடைக்குச் சற்று மேல்தான் ஏறியது. மூன்றாவதுக்கு அதைவிடக் குறைவு. ஐந்து, ஆறு டம்ளருக்கு அரை விரற்கடையோடு சரி. எட்டு, ஒன்பதில் மறுபடி விலக ஆரம்பித்தது. கடைசி டம்ளருக்கு முதல் டம்ளர்போல ஒரு விரற்கடை.

பத்து டம்ளரும் ஒரே டம்ளர். கோடுகள் மட்டும் அடியில் விலகி, நடுவில் நெருங்கி, உச்சியில் விலகி நின்றன.

அக்கா ஜாடிக்கு நேரே தரையில் குனிந்து பார்த்தார். "இது எப்படி?"

"படுத்த உருளைக்கு அடி, படகு மாதிரி குறுகல். கொஞ்சம் தண்ணி விட்டாலே மட்டம் மளமளன்னு ஏறும். நடுவயிறு அகலம். அங்க எவ்வளவு விட்டாலும் பரவிக்கும், மட்டம் ஏறாது. உச்சி மறுபடி குறுகல். டேங்க் நிறைஞ்சிருக்கும்போது உச்சியில இருக்கிற பத்து சென்டிமீட்டர்ல அறுநூறு லிட்டரே கிடையாது. அதுல பாதிகூடத் தேறாது. அதனாலதான் முதல் நாளே ஒண்ணே முக்கால் கோடு இறங்குது. அறுநூறுதான் போச்சு, அதுக்கு மேல ஒரு சொட்டு போகல. சதுரத் தொட்டிக்கு அடியும் நடுவும் உச்சியும் ஒரே அகலம், அதுல அவர் குச்சி சரி. இதுல செல்லாது."

 அக்கா எழுந்து, "என் தம்பி பஸ் ஏறிட்டானோ என்னவோ," என்று சொல்லிப் போனை எடுத்தார். எனக்கு அவர்மேல் இருந்த கொஞ்சநஞ்சக் கோபமும் அப்போதுதான் போயிற்று.

மறுநாள் காலை ஜாடியை எடுத்துக்கொண்டு டெய்லர் கடைக்குள் நுழைந்தேன். நாத்தனாரும் கூட வந்தாள். உள்ளே சீருடைத் துணி மலைபோல் கிடந்தது. டெய்லர் வெட்டும் மேசைக்குப் பின்னால் நின்றார். சட்டை அளவு கொடுக்க வந்த ஒருவர் கையைத் தூக்கியபடி நின்றிருந்தார். நான் சொல்ல வேண்டியதை முழுக்கச் சொன்னேன். ஜாடியைப் படுக்க வைத்துக் காட்டினேன்.

டெய்லர் ஜாடியை ஒரு பார்வை பார்த்தார். "ஜாடி ஜாடிதான், டேங்க் டேங்க்தான். பத்து சென்டிமீட்டர் எங்க வச்சாலும் பத்து சென்டிமீட்டர். அதை யாரும் மாத்த முடியாது."

"பத்து சென்டிமீட்டரை நான் மாத்தலண்ணே. அதுக்குள்ள இருக்கிற தண்ணி மாறுது."

"எனக்கு அளவு சொல்லித்தர வந்துட்டியா?"

இதைக் கேட்டுக்கொண்டு அக்கா உள்ளிருந்து வந்தார். மேசையில் ஸ்டூல் உறைக்காக வட்டமாக வெட்டி வைத்த துணி ஒன்று இருந்தது. அதை எடுத்தார். டெய்லரின் பெரிய கத்தரிக்கோலை எடுத்தார்.

"ஏய், ஏய்! அது ஆர்டர் துணி!"

"பத்து சென்டிமீட்டர் எங்க வச்சாலும் பத்துதானே?" என்று சொல்லிக்கொண்டே அக்கா வட்டத்தின் உச்சியிலிருந்து மூன்று விரல் அகலத்துக்கு ஒரு பட்டையை வெட்டினார். பிறகு அதே அகலத்துக்கு அடுத்தது. அப்புறம் அடுத்தது. விரல் வீங்கியிருந்தும் கோடு போட்டதுபோலத்தான் வெட்டினார். அவரும் அந்த வீட்டில் இருபது வருஷம் வெட்டியவர்தான். எல்லாப் பட்டைகளையும் மேசைமேல் வரிசையாகப் பரப்பினார். முதல் பட்டை ஒரு சாண் நீளத் துண்டு, ஓரம் வளைந்து பிறைபோல இருந்தது. நடுப்பட்டை அதற்கு இரண்டு பங்கு நீளம்.

"எல்லாம் ஒரே அகலம்," என்றார் அக்கா. "துணி ஒரே அளவா சொல்லுங்க."

டெய்லருக்கு நான் ஒன்றும் விளக்க வேண்டியிருக்கவில்லை. துணியைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. விரலால் முதல் பட்டையைத் தொட்டார், நடுப்பட்டையைத் தொட்டார். உதடு அசைந்தது. கைக்குழியும் கழுத்தும் வெட்டி வெட்டிப் பழகிய கண்ணுக்கு அரை நிமிஷத்தில் புரிந்துவிட்டது. எனக்கு அதுதான் தாங்கவில்லை. அரை நிமிஷ வேலை! அதைச் செய்யாமல் ஒருத்தியைத் தெருவில் நிறுத்தியிருக்கிறார்.

கை தூக்கி நின்றவர் மெதுவாகக் கையை இறக்கினார்.

"சரி," என்றார் டெய்லர், துணியைப் பார்த்தபடியே. "டேங்கால வந்த தப்பு. உருண்டையா இருந்து ஏமாத்திடுச்சு. நாளையிலேருந்து நீ வேலைக்கு வா."

"டேங்க் யாரையும் திருடின்னு கூப்பிடலியேண்ணே," என்றேன். "அது வந்த நாள்லேருந்து உருண்டையாத்தான் இருக்கு. ஒளிச்சா வச்சுது?"

நாத்தனார், "அதானே!" என்றாள்.

டெய்லர் நிமிர்ந்தார். மனைவியைப் பார்த்தார், அங்கே உதவி இல்லை. "சரிம்மா, தப்பு என்மேலதான். நீ ஒரு சொட்டு எடுக்கல. போதுமா?"

அந்த 'போதுமா' இல்லாமல் இருந்திருந்தால் நான் ஒருவேளை அப்படியே கொட்டகைக்குப் போயிருப்பேன். ஆறு மாடும் என் குரல் கேட்டு அங்கிருந்து கத்திக்கொண்டிருந்தன.

"போதாது," என்றேன். "அன்னைக்கு வாசல்ல நின்னு தெருவுக்கே கேக்கற மாதிரி சொன்னீங்க. இன்னைக்குக் கடைக்குள்ள துணிகிட்ட சொல்றீங்க. அன்னைக்குக் கேட்டவங்க இன்னைக்குக் கேக்கல."

"இப்ப என்ன பண்ணணும்ங்கற?"

"வாங்க. அவங்க வீட்டுக்குப் போய்ச் சொல்லுங்க."

அவர் வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். அக்கா கத்தரிக்கோலைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டு, கடைக் கதவைத் திறந்து பிடித்தார். டெய்லர் செருப்பை மாட்டினார்.

முதலில் எதிரே, பேக்கரி. டெய்லர் கல்லா முன்னால் நின்று, தரையைப் பார்த்து, "அந்தத் தண்ணி விஷயம், நான்தான் தப்பா அளந்துட்டேன். இவ எடுக்கல," என்றார்.

பேக்கரிக்காரர் தலையாட்டினார். "எனக்கு அப்பவே தெரியும். இவ அப்படிப்பட்ட ஆளில்லன்னு."

"அப்பவே தெரிஞ்சா அப்பவே ஏன் சொல்லல?" என்று கேட்டேன். "குடத்தை ஏன் உள்ள இழுத்தீங்க?"

அவர் ரொட்டித் தட்டைத் துடைக்க ஆரம்பித்தார். துடைக்கத் துடைக்க அது சுத்தமாகத்தான் இருந்தது.

அடுத்து எலக்ட்ரீஷியன் வீடு. அங்கே டெய்லர் கொஞ்சம் நிமிர்ந்து நின்று சொன்னார். எலக்ட்ரீஷியன் என்னிடம் வருத்தம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. "அப்ப என் டிரம்முல போட்ட கோடும் தப்பா?" என்று கேட்டார். இப்படி ஒரு மனிதரா என்று இருந்தது. ஆனாலும் கேள்வி கேள்விதானே, என்னால் பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை. "நிக்கிற டிரம்முக்கு அடியும் உச்சியும் ஒரே அகலம், அதுல கோடு சரியாத்தான் இருக்கும். படுக்க வச்சாத்தான் மாறும்," என்றேன். "பூட்டைக் கழட்டிடுங்க. துருப்பிடிச்சுத் தண்ணியில இறங்குது."

அவர் அப்போதே சாவி தேடப் போனார்.

கடைசியாக நர்ஸ் வீடு. டெய்லர் வீட்டைத் தவிர எனக்கு வேலை போன வீடு அதுதான். பின்பக்கத்திலிருந்து எருமை கத்தியது. அதன் குரலிலேயே தெரிந்தது, யாரோ பாதி கறந்து பாதி விட்டிருக்கிறார்கள். வாசல் கதவில் பூட்டு தொங்கியது. பக்கத்து வீட்டில் விசாரித்ததில், காலை டியூட்டி, மதியம் இரண்டரைக்குத்தான் வருவார் என்றார்கள். அப்போது மணி ஒன்பதேகால்.

"சரி, நாளைக்கு வந்து சொல்லிக்கலாம்," என்று டெய்லர் திரும்பினார். "சீருடை அவ்வளவும் பாக்கி கிடக்கு."

"இல்லண்ணே. உட்காரலாம்."

"மதியம் வரைக்குமா? வெயில் ஏறுதேம்மா!"

"எனக்குப் பதினாலு நாள் ஏறிச்சு," என்றேன். "உட்காருங்க."

நான் நர்ஸ் வீட்டுப் படியில் உட்கார்ந்தேன். டெய்லர் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். பேக்கரிக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை இழுத்துக்கொண்டார். டெய்லர் கழுத்திலிருந்த டேப்பை எடுத்துச் சுருட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, எனக்கு ஒரு படி கீழே உட்கார்ந்தார்.